வெள்ளி அரைஞாண்

லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? வெயிலில் கோயிலுக்கு நடக்க வேண்டாம்.

போன கிழமை வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன். பயப்படாதீர்கள். வயிற்றையும் இடுப்பையும் சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். உள்ளே இரத்தக்கசிவு இல்லை. இடுப்பெலும்பில் சிறு வெடிப்பு மட்டும். வெள்ளி படத்தைக் கெடுக்கும் என்று, நீங்கள் கட்டிவிட்ட அரைஞாணைத் தாதி கத்தரித்து ஒரு பையில் போட்டாள்.

இங்கே உறவென்று கொடுக்க அண்ணையின் தொலைபேசி இலக்கம்தான் இருந்தது. அப்பாவின் செத்தவீட்டில் என் முகத்தையே பாராமல் நின்றவர். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தாதி அந்தப் பையை அவர் கையில் கொடுத்திருக்கிறாள். எங்கள் ஊரில் உயிர் போனபின்தானே அரைஞாணை அறுப்பார்கள்.

"ஐயோ, என்ரை தம்பி! உன்னோடை ஒரு வார்த்தை கதைக்காமல் விட்டிட்டனே!" என்று அவர் குழறியது என் கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"அண்ணை, நான் இருக்கிறன்" என்றேன்.

அழுகை நின்றது.

"ஓ, இருக்கிறியோ" என்றார். பிறகு காலடிச் சத்தம் தூரப் போனது. பை கதிரையில் கிடந்தது.

இதை அவரிடம் கேட்க வேண்டாம். கூழ் காய்ச்சக் கொஞ்சம் ஒடியல் மா அனுப்புங்கள். புது அரைஞாணும் வேண்டும். வெள்ளி வேண்டாம், கறுப்பு நூல் போதும். நூலை ஸ்கானுக்காக அறுக்க மாட்டார்கள். அண்ணையும் இனி ஏமாந்து அழ வேண்டியிராது.

தாதி மருந்தோடு வருகிறாள், நிறுத்துகிறேன்.

உங்கள் இளைய மகன்
தவநேசன்