கோட்டை கைடின் சட்டை

அன்பு மகள் குட்டிமாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அம்மா கொஞ்சம் கூடுதலாகவே நலம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு சலவைக் கடையை அடைத்துவிட்டு, மலைமேல் இடிந்து கிடக்கிற பழைய கோட்டையைப் பார்க்கப் போனோம். அம்மா எத்தனை வருஷமாக நச்சரித்தாள் என்று உனக்கே தெரியும். பாதி வழியில் என் முட்டி மக்கர் பண்ணிவிட்டது, ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு நீ போய்விட்டு வா என்றேன், ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன், அவள் நிஜமாகவே போய்விட்டாள். கூட்டிக்கொண்டு போனவன் அங்கே இருக்கிற கைடு. நம் கடை வாடிக்கைதான். பாத்து வாங்கம்மா, வழுக்கும்னு சொல்லிக் கையைப் பிடித்து ஏற்றுகிறான். அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டைக்கு முந்தின நாள் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்ததே நான்தான் குட்டிமா! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு. அம்மா அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று, நீயே சொல். அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

இறங்கி வந்ததிலிருந்து வீட்டில் ஒரே கோட்டைப் புராணம். எந்த அறைக்கும் கூரை இல்லையாம், சுவரில் மரம் முளைத்திருக்கிறதாம், அந்தத் தம்பி என்னமா கதை சொல்லுது தெரியுமா, ராணி நின்ன ஜன்னல்ல என்னை நிக்க வச்சுதுங்க என்கிறாள். தம்பியாம் தம்பி! அவன் காலரில் தலைச்சாயக் கறை எடுக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா அவன் வயசு. பொறுக்க முடியாமல், அப்படி என்னதான் பார்த்துக் கிழித்தாய் அந்த ஜன்னலில் என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப் போய்விட்டது. உங்களத்தாங்க பாத்தேன், நீங்க உக்காந்திருந்தது அங்கேருந்து நல்லாத் தெரிஞ்சுது, கை வலிக்க வலிக்க ஆட்டினேன், கூப்பிட்டுக்கூடப் பாத்தேன், நீங்க திரும்பவேயில்ல என்றாள். அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வருகிற ஞாயிறு மறுபடி போகிறோம். நானேதான் கேட்டேன், கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டுதான் சரி என்றாள். முட்டிக்கு உறை வாங்கிவிட்டேன், இந்தத் தடவை தவழ்ந்தாவது அந்த ஜன்னல்வரை போய்விடுவேன். நீயும் மாப்பிள்ளையோடு எங்காவது போனால் பாதியில் உட்காராதே, உட்கார்ந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. இரண்டு பேரும் சிரித்த முகமாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசும்போது இதையெல்லாம் அம்மாவிடம் உளறி வைக்காதே.

இப்படிக்கு,
ராணியின் வீட்டுக்காரன்,
உன் அப்பா.

பி.கு.: கைடின் சட்டை கடையில்தான் கிடக்கிறது. திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.