மஞ்சள் விளக்கு அணைந்த செய்தி

அம்மா,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் காரின் டாஷ்போர்டில் நெடுநாளாக எரிந்துகொண்டிருந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு, இன்று காலை ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் உற்றார் உறவினர் முன்னிலையில் காலமானது. உற்றார் நான், உறவினர் அப்பா. எத்தனை சோப்பு போட்டும் கையில் பெட்ரோல் வாசனை போகவில்லை. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு அந்த விளக்கைத் தெரியும். நீ இருக்கும்போதே எரிய ஆரம்பித்துவிட்டது. நான் காட்டியபோது, "அது என்னைப் பாத்து முறைக்குது, நானும் முறைக்கிறேன். யாரு முதல்ல கண்ணை மூடுறோம்னு பாப்போம்" என்றாய். விளக்கு ஜெயித்துவிட்டது அம்மா.

தொழிற்சாலை வேலை உன்னுடையது. அதனால் இந்த வீடும் உன்னுடையது. இப்போது காலி செய்தாக வேண்டும். அப்பா அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கமாக ஒரு வீடு பார்த்திருக்கிறார். மூன்றாவது மாடி. கீழே காருக்கு இடமில்லை, அப்பாவுக்கு ஸ்டீயரிங் பிடிக்கவும் தெரியாது. வண்டியை விற்றுவிடலாம் என்றார். நான் விடவில்லை. எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, எல்எல்ஆரும் கையில் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தினமும் வழக்காடினேன். கடைசியில் அப்பா இறங்கிவந்தார். "அந்த லைட்டை அணைச்சுக் காட்டு. தெருவுல நிப்பாட்டியாச்சும் வச்சுக்கலாம். முடியலன்னா விக்கிறதுக்குக் குறுக்க வராத."

ஒரே நாளில் முடிக்கிறேன் என்றேன். எதிர் பிளாக்கில் இருப்பவர்களிடம்கூடச் சொல்லிவைத்தேன். என் வாய் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியாததா?

நண்பன் ஒருவனிடம் ஸ்கேனர் வாங்கி, கதவைத் திறந்து, வெளியே தரையில் முட்டி போட்டபடி ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினேன். போனில் பதில் வந்தது: டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி, இன்ஜினுக்குப் போகாமல் வழியில் எங்கோ கசிகிறது. சும்மா இருந்திருக்கலாம். அப்பாவிடம் போய், "நம்ம வண்டியில ஆவி இருக்காம்பா. அதுவும் தப்பிச்சுப் போகுதாம்" என்றேன். அப்பா டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நீயாக இருந்தால் முதலில் தலையில் ஒரு தட்டு தட்டியிருப்பாய், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்திருப்பாய். இரண்டுக்கும் இப்போது இந்த வீட்டில் ஆள் இல்லை.

இந்தக் கோளாறில் முதல் குற்றவாளி பெட்ரோல் டேங்க் மூடிதானாம். இறுக்கி மூடினேன், விளக்கு எரிந்தது. புது மூடி வாங்கிப் போட்டேன், இன்னும் பிரகாசமாக எரிந்தது போலிருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டை கறுத்ததுதான் மிச்சம். அப்பா கேட்கும்போதெல்லாம் "நெருங்கிட்டேன்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று அம்பத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார். ஸ்கூட்டரில் ஒரு புகைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். டேங்குக்குள் புகையைச் செலுத்தினால், அது எங்கே வெளியே வருகிறதோ அங்கே ஓட்டை. கொசு மருந்து வண்டி வந்ததுபோல் நானும் பின்னாலேயே போய் நின்றேன். பின் சக்கரத்துக்கு அருகே, ஒரு கறுப்பு டப்பாவோடு சேரும் ரப்பர் குழாயிலிருந்து மெல்லப் புகை வந்தது. டப்பாவைக் கழற்றிக் குலுக்கினார். உள்ளே சளக் சளக் என்றது.

"இதுல கரிதான் இருக்கணும். ஆவியைப் புடிச்சி வெக்கிற கரி. இன்னாடான்னா பெட்ரோல்ல ஊறிப்போய் கீது. பங்க்குல ரொப்பச் சொல்லோ வண்டியப் போட்டு ஆட்டுவீங்களா?"

ஆட்டுவோம். திருவேற்காடு ரோட்டு பங்க்கில் கிளிக் என்று குழாய் நின்றதும், பையன் "ஃபுல்லுக்கா" என்பான். "இன்னும் போகும்ப்பா, போடு" என்பாய் நீ. அப்புறம் என்னிடம், "இறங்குடா. ஆட்டு." நான் கூரையைப் பிடித்து ஆட்டுவேன், சாமி மலை ஏறப்போகுது, குறி கேக்கிறவங்க கேட்டுக்கலாம் என்று பின்னால் பைக்கில் காத்திருப்பவர்களை அழைப்பேன். உள்ளே நீ ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இடமும் வலமும் அசைந்துகொண்டிருப்பாய், சிரிக்கவே மாட்டாய். விளிம்பில் பெட்ரோல் தளும்பியதும், "பாத்தியா, எவ்ளோ இடம் இருந்துச்சு" என்று எனக்குக் காட்டுவாய். அந்த இடம் டேங்கில் இல்லை அம்மா. நாம் வழியவழிய ஊற்றியதெல்லாம் அந்தக் கரியில்தான் போய் இறங்கியிருக்கிறது.

"யாரு தம்பி ஓட்றது?" என்று கேட்டார்.

"எங்கம்மாண்ணே."

"அவங்களாண்ட சொல்லிடு. கிளிக்குன்னு நின்னா அத்தோட நிறுத்திக்கணும். மேல ஒரு சொட்டு கூடாது."

"சொல்லிடறேண்ணே" என்றேன்.

சொல்லிவிட்டேன்.

இதே மாடல் வண்டியில் கழற்றிய வேறொரு டப்பாவையும் புதுக் குழாயையும் மாட்டினார். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி, ஸ்கேனரில் பழைய பதிவை அழித்தார். விளக்கு போய்விட்டது. ஒரு வாரம் ஓட்டிப் பார், திரும்ப வரவில்லை என்றால் இனி வராது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, தானே இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். "எடு. புது வீடு வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றார். நீ போன பிறகு அவர் குரல் அவ்வளவு லேசாக இருந்து நான் கேட்டதில்லை.

இத்தனை நாள் இவ்வளவு வீரம் பேசினேனே, இன்றுதான் முதன்முதலாக உன் இடத்தில் உட்கார்ந்தேன். முட்டி டாஷ்போர்டில் இடித்தது, ஸ்டீயரிங் வயிற்றைத் தொட்டது. நீ குள்ளம். பெடல் எட்டுவதற்காக சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருந்தாய்.

"சீட்டைப் பின்னாடி தள்ளிக்கோடா" என்றார் அப்பா.

கை கீழே போய், சீட்டை நகர்த்தும் கம்பியைப் பிடித்துவிட்டது. ஒரு இழுப்புதான். ஆனால் இழுத்துவிட்டால், நீ சீட்டை நிறுத்தி வைத்திருந்த பல் எது என்று அப்புறம் எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு இறங்கினேன்.

"இந்த வண்டி வேணாம்ப்பா. மைலேஜும் குடுக்காது. வித்துடலாம்."

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. முன்பு வண்டியை விசாரித்த ஒருவருக்கு அங்கிருந்தே போன் செய்தார். நாளை சாயங்காலம் வருகிறாராம். ஆள் நல்ல உயரமாம்.

இதைப் பின் சீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் அம்மா. உன் சீட் அவ்வளவு முன்னால் இருப்பதால், இங்கே காலை நன்றாக நீட்டிக்கொள்ள முடிகிறது.