பலகைக்கு அடியில் சூடு

அம்மா, முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தக் குளிரில் புத்தாண்டுக்கு வருகிறேன் என்றீர்களே. என் அறை பாதி மண்ணுக்குள் இருக்கிறது. காங்கிரீட் தரையில் ஓயாத ஈரம். நீங்கள் தரையில்தான் படுப்பீர்கள் என்று மரச்சட்டம் அடித்து, மேலே பலகை போட்டேன். ஈரம் போனது, சூடும் போனது. அறையைச் சூடாக்கத் தரைக்குள் ஓடும் வெந்நீர்க் குழாயை மறந்தே போனேன்.

"தரை போடுறதுதான்டா உன் பொழப்பே. சொந்த ரூம்ல அடுப்ப மூடி வச்சிருக்க" என்று கூட வேலை செய்யும் சாங்பே அண்ணன் சிரித்தார்.

அப்பாவின் கம்பளிக் காலுறையை அனுப்புங்கள். வருவது உறுதியென்றால் சொல்லுங்கள், பலகையைப் பிடுங்கி ஈரத்தைத் துடைத்து வைக்கிறேன். போன வருடம் போல பஸ்ஸில் இடம் இல்லையென்றால் பரவாயில்லை. பலகை அப்படியே கிடக்கட்டும். எனக்கு மட்டும் என்றால் சூடு வேண்டாம்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

ஹியோன்ஜே