நாலு பக்கமும் கேட்ட குரல்

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு அப்பா கூக்காலில் இருந்து எழுதுவது. குழந்தை வேலப்பர் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுத முடியவில்லை தாயி. உன் சித்தப்பா அழகுமலையைக் காட்டுமாடு முட்டிவிட்டது, தவறிவிட்டான் என்று போனில் சொன்னேனே தவிர, நடந்ததை முழுதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் வீட்டுப் பழைய சரவுண்டு சவுண்டுப் பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பள்ளிக்கூடம் போகிற நாளில், கொடைக்கானலில் லாட்ஜைக் காலி செய்தவர்களிடம் சித்தப்பா வாங்கி வந்தது. டிவி பக்கம் இரண்டு ஸ்பீக்கர், நமக்கு முதுகுப் பக்கம் இரண்டு. பின்பக்கத்துச் சத்தத்தை அந்தப் பெட்டி கொஞ்சம் பிந்தித்தான் வெளியே விடும், படத்தில் இடி இடித்தால் நீ திரும்பித் திரும்பிப் பார்ப்பாய். போன வருஷம் காட்டுமாடு பூண்டுக் காட்டில் இறங்கி மேய்ந்ததும் அதைப் பரணிலிருந்து இறக்கினான். ஏலே மாடு மாடு, எல்லாரும் ஓடியாங்கலே என்று தானே கத்திப் பதிந்து, காட்டின் நாலு மூலையிலும் ஸ்பீக்கரைக் கட்டி உரச்சாக்கைப் போர்த்திவிட்டான். பொழுது சாய்ந்தால் அவன் குரல் காட்டைச் சுற்றி வரும், ஊரே திரண்டு வந்த மாதிரி இருக்கும். மாடு எட்டிப் பார்க்கவில்லை, ஊரும் மெச்சியது. முதலில் பதறி ஓடிவந்தவர்கள்கூடப் போகப்போக அதைக் காதில் வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

அவன் தவறிய அன்று சாயங்காலமும் அந்தக் குரல் கேட்டது. உன் அம்மா அடுப்படியில் இருந்து, என்னங்க, இன்னைக்குச் சத்தம் ஒரு பக்கமாத்தான வருது என்றாள். குரங்கு ஒயரை அறுத்திருக்கும், அவன் பார்த்துக்குவான், நீ உன் சோலியப் பாரு என்று நான்தான் சொன்னேன். ஒயர் அறுந்தது நிஜம்தான். அதைச் சேர்ப்பதற்காகப் பெட்டியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான், பெட்டி இருந்த கொட்டகையில் சுவிட்ச் அணைந்தே கிடந்தது. நாங்கள் கேட்டதெல்லாம் அவன் தொண்டையிலிருந்து வந்தது தாயி. ஓடைப் பக்கத்து மூலையில் கிடந்தான், இருட்டியும் வரவில்லையே என்று நாங்கள் தேடிப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தாலாவது அழுதிருப்பேன்.

பெட்டியை உடைக்கக் கோடாலி எடுத்தேன். உன் சித்தி முருகம்மாள் குறுக்கே வந்து நின்று, பூண்டு இன்னும் பிடுங்கலையே மாமா, ஓடட்டும் என்றாள். அதனால் இப்போதும் பொழுது சாய்ந்தால் உன் சித்தப்பா கத்துகிறான். உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். நேற்று சித்தி வந்து, மூணு ஒயரைக் கழத்திருங்க மாமா, ஓடைப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும் என்றாள். ஒத்த ஸ்பீக்கர் சத்தத்துக்கு மாடு பயப்படாதும்மா என்றேன். நாலு பக்கமும் கூப்பிட்டா நான் எந்தப் பக்கம் மாமா ஓடுறது என்று கேட்டாள். நாளை வெள்ளனே போய்க் கழற்றிவிடுவேன், பூண்டு போனால் போகட்டும்.

நீ லீவு போட்டு வந்து அலைய வேண்டாம். சித்திக்கு அடிக்கடி போன் போடு, அவள் பேசாவிட்டாலும் நீ வைத்துவிடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். கூப்பிட்ட குரலுக்கு ஆள் ஓடிவருகிற இடத்தில் நீ என்றைக்கும் இருக்க வேண்டும், அது ஒன்றைத்தான் வேலப்பரிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லப்பாண்டி