காற்று பட்ட நொதி

வீட்டரசிக்கு வணக்கம். நீயும் நிறைமாதக் கர்ப்பிணியான மகளும் சுகமா? நேற்று நாள் முழுக்கக் வெள்ளைக் கோட்டை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஆய்வகத்தில் திரிந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

நான் குப்பி கழுவும் இந்த ஆய்வகத்தில், பாக்டீரியா வைட்டமினை உடைக்க வைத்திருக்கும் ஒரு நொதியை ஆராய்கிறார்கள். அதற்குள் இருக்கும் இரும்பு காற்றுபட்டுக் கெட்டால் நொதி வேலை செய்யாமல் படுத்துவிடும். போன வாரம் படுத்துவிட்டது.

"மாமா குப்பியைச் சரியா கழுவலை மேடம்" என்று ஆய்வகத் தலைவியிடம் சொன்னான், நான் வேலை வாங்கித் தந்த உன் தம்பி. என் முகத்தை அவன் பார்க்கவேயில்லை.

"வயசாச்சுங்க, இனிமே ரெண்டு தடவை கழுவுறேன்" என்று சிரித்துவைத்தேன். அதற்காக என் விடுமுறையை ரத்து செய்துவிட்டார்கள். பிரசவத்துக்கு வர முடியாது. பேரப்பிள்ளையின் படத்தைப் பெரிதாக எடுத்து அனுப்பு. தம்பியைத் திட்டாதே. மணியாகிவிட்டது, கிளம்புகிறேன்.

போன வாரம் அவன் திறந்துபோட்டுப் போன நொதிக் குப்பியை, பாவம் திட்டு வாங்குவானே என்று நான்தான் ஓசைப்படாமல் மூடிவைத்தேன். மேடத்திடம் அதை மட்டும் சொல்லவில்லை.