பதிவேட்டில் எழுதியது

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சுகமா? உங்கள் முதுகுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

போன வாரம் ஒரு சின்ன விஷயம். விடுதி மாணவி ஒருத்தி கை ஒடிந்து என் மருத்துவ அறைக்கு வந்தாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் படியில் தள்ளிவிட்டார்களாம்.

பள்ளி முதல்வர் சாந்தமாகத்தான் சொன்னார்: "கால் இடறி விழுந்ததா எழுதுங்க சிஸ்டர். மந்திரி வீட்டுப் பிள்ளைங்களே இங்க இடத்துக்குக் காத்திருக்காங்கன்னா, அது நம்ம பேருக்காகத்தான்."

 ஆனாலும் அந்தப் பெண் சொன்னபடியே பதிவேட்டில் எழுதினேன். அவர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நீங்கள் கவலைப்படாதீர்கள். என் அறைக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் மட்டும் வாங்கி அனுப்புங்கள். பாப்பாவை இங்கே சேர்க்க நிரப்பி வைத்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுங்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

பாப்பாவின் அம்மா