ஒரே இடுக்கி

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

டோங்காவில் மழை நின்றதா? உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? கான்பராவில் கடுங்குளிர், நான் நலம்.

மூச்சுக் கருவிக்குள் எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் அடிப்படை நிரலை நாங்கள் எழுதுகிறோம். சோதனையில் கருவி அவ்வப்போது உறைந்து நின்றது. சரிசெய்யாவிட்டால் கருவியை வாங்கவிருக்கும் மருத்துவமனை எங்களைக் கைவிடும். புதியவளான என் வேலைதான் முதலில் போகும். பயப்படாமல் மேலே படியுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலக முற்றத்தில் இறைச்சி சுட்டோம். இருந்த ஒரே இடுக்கி என் கையில். ஆனால் ஆளாளுக்கு என்னை ஏவினார்கள்.

"கலோ, சாஸ் எடுத்துட்டு வா!"

"அப்படியே ரொட்டியும்!"

இடுக்கியோடு ஓடினேன். இறைச்சியை எடுக்க இடுக்கி இல்லாமல் எங்கள் தலைவர் ராஸ் காலித் தட்டோடு நின்றார். "ஏம்மா, நான் இங்க பாஸா, பிச்சைக்காரனா?"

அப்படியே நின்றுவிட்டேன். கருவிக்குள்ளும் இதேதான் நடக்கிறது! மூச்சைக் கவனிக்கும் வேலைக்கு வேண்டிய நினைவகப் பகுதியை ஓர் அற்ப வேலை பூட்டி வைத்திருக்கிறது. நடுத்தர வேலைகள் குறுக்கே புகுந்து அந்த அற்ப வேலையை முடிக்க விடுவதில்லை. இடுக்கி வைத்திருப்பவளுக்குச் சற்று நேரம் தலைவரின் முன்னுரிமையைக் கொடுத்தால் போதும்!

"இடுக்கியைக் குடுத்துட்டுப் போடி!" என்று தோழி கெய்லா கத்தக் கத்தக் கணினிக்கு ஓடினேன். மாற்றி எழுதியபின் கருவி ஒருமுறைகூட உறையவில்லை, அப்பா!

நம் சபையின் பாடல் ஒத்திகையைக் கைபேசியில் பதிந்து அனுப்புங்கள். நடுவில் நீங்கள் இருமினால் அதை அழிக்க வேண்டாம்.

மருத்துவமனைக்காரர்கள் வந்துவிட்டார்கள். "கண்டுபிடிச்சவ நீ. நீயே வந்து சொல்லு" என்று ராஸ் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறார். போகிறேன்.

உங்கள் மகள்,
கலோலைன்